நாற்பத்தோராவது பயணம்

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து கோப்பாய்ப் பக்கம் திரும்பும் வீதியில், இடது கைப்பக்கமாக நான்காவது ஒழுங்கைக்குள் கேதீஸ்வரனின் வீடு இருக்கிறது. வீட்டின் தெற்கு மூலையில், அவருடைய தகப்பனார் நமசிவாயம் வெங்காயப் பிடிகளைக் கட்டிக் காயத் தொங்கவிட்ட அறை ஒன்று உண்டு. பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம். 2019 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலிருந்து அதுதான் அவருடைய பட்டறை. தண்ணீர்ப் பம்பிகளின் மின்பலகைகள், கோயில் ஒலிபெருக்கிகள், குளிர்சாதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகைகள் எல்லாம் அங்கே வரும். பெரும்பாலானவை சுகமாகித் திரும்பிப் போகும்.

அவர் பிறந்தது 1973 மார்ச் 9. ஒன்பது வயதிலிருந்து தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினார். 1995 ஒக்டோபர் 30 அன்று யுத்தத்துக்குப் பயந்து ஊரோடு ஊராய் வெளியேறி நடந்தபோது அவர் கையில் இருந்தது ஈயம் உருக்கி ஒட்டும் ஒரு பற்றாசுக் கோலும் வானொலிச் சில்லுகள் போட்ட ஒரு பிஸ்கற் தகரமும். 1998 இல் கொழும்பில் ஒரு கம்பனியில் சேர்ந்தார். தராசுகளுக்கும் மீற்றர்களுக்கும் மின்பலகை செய்கிற இடம். வெளிநாட்டில் செய்யக் கொடுத்த பலகை கப்பலில் வந்து சேர மூன்று மாதம் எடுக்கும். அதுவரை நிரல் எழுதுகிறவர்கள் சும்மா இருக்க முடியாது. ஆகவே அந்தப் பலகையைக் கணினிக்குள் பாவனையாகச் செய்து, அது இருப்பதாகவே நிரலை நம்பவைத்து ஓடவிட வேண்டும். இருபத்தொரு வருடம் கேதீஸ்வரன் பார்த்த வேலை அதுதான். இல்லாத பலகைகளை இருப்பதாகக் காட்டினார். 2019 செப்ரெம்பரில் கம்பனி அந்தப் பிரிவை மூடியது. உரும்பிராயில் இல்லாத பலகை ஆருக்கும் தேவைப்படவில்லை. இருக்கிற பலகைகளைத் திருத்தத் தொடங்கினார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பெட்டி வந்தாலும், அதில் கை வைக்கமுன் ஒரு பெரிய கொப்பியில் திகதியிட்டு, பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் 'இருப்பது' என்றும் வலப்பக்கம் 'இல்லாதது' என்றும் எழுதுவார். பிறகு ஒருவரும் அது இருந்தது, இது தொலைந்தது என்று சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காகத் தொடங்கிய பழக்கம். ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. பழக்கம் மட்டும் நின்றது.

2024 ஜனவரி 22, திங்கட்கிழமை, காலை பத்தே காலுக்குப் பருத்தித்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி உதயகலா, முப்பத்தாறு வயது. மற்றவர் அவளுடைய மாமனார் தியாகலிங்கம், எழுபத்திரண்டு வயது, ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். யூரியாப் பை ஒன்றைக் கிழவர் தோளில் போட்டு வந்தார். பைக்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, ஒரு செங்கல்லின் அளவு.

"உப்புத் தண்ணி குடிச்ச பெட்டி கதைக்குமோ தம்பி?" என்று கேட்டபடி கிழவர் அதை மேசையில் வைத்தார். "இவள் கேக்கிறாளில்லை. போவம் போவம் எண்டு ரெண்டு கிழமையா அரியண்டம்."

"பெட்டியைப் பாத்திட்டுச் சொல்லட்டும், மாமா," என்றாள் உதயகலா. அவள் நெற்றியில் சிறு குங்குமப் பொட்டு இருந்தது. கிழவர் அதைப் பார்க்காத மாதிரி யன்னலைப் பார்த்தார்.

கதை இதுதான். உதயகலாவின் கணவன் சிவரூபன் 2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலரைக்குப் பதினெட்டு அடி படகில் தனியாகக் கடலுக்குப் போனான். வழமையாக விடியமுன் கரைக்கு வருகிறவன் வரவில்லை. ஒன்பதாம் நாள், நவம்பர் 23, படகு மட்டும் சுண்டிக்குளத்துக்குக் கிழக்கே மிதந்து அகப்பட்டது. வலை இல்லை, ஆள் இல்லை. படகின் முன்பக்கத்தில், அணியத்துக்குக் கீழே இந்தப் பெட்டி பூட்டியபடி இருந்தது. முந்தின வருடம் ஏதோ ஒரு உதவித் திட்டத்தில் முப்பது படகுகளுக்குப் பரீட்சார்த்தமாகக் கொடுத்தவை இவை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை படகு நிற்கும் இடத்தையும் நேரத்தையும் தனக்குள் எழுதி வைக்கும். கரையில் வயர் கொடுத்து அதை எடுத்துப் பார்ப்பார்கள். திட்டம் முடிந்தது. கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். தொலைபேசி இலக்கமும் வேலை செய்யவில்லை.

அக்கரையில், இந்தியாவில், ஒரு சிறையில் சிவரூபனைப் போல ஒருவனைக் கண்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று தேடிப்போனால் சொன்னவன் இன்னொருவனைக் காட்டுவான், அவன் வேறொருவனைக் காட்டுவான்.

"செத்திருந்தா எண்டைக்கு எண்டு தெரியோணும்," என்றாள் உதயகலா. "உயிரோடை இருந்தா எங்கினை போனவர் எண்டு தெரியோணும். ரெண்டிலை ஒண்டை உந்தப் பெட்டி சொல்லோணும், அண்ணை."

கிழவர் கார்த்திகை அமாவாசையில் அந்தியேட்டி என்ற ஈமக் கடனைச் செய்துவிடுவோம் என்றிருந்தார். நாள் தெரியாமல் போனவருக்கு அந்த மாதத்து அமாவாசையைக் கொள்வது வழக்கம். ஆனால் இங்கே மாதமே தெரியவில்லை. நவம்பர் 16 வரை ஐப்பசி, 17 இலிருந்து கார்த்திகை. ஐப்பசி அமாவாசையோ நவம்பர் 13. அன்று சிவரூபன் வீட்டில் இருந்து சோறு தின்றான். இருக்கிறவனுக்கு எப்படித் திவசம் வைப்பது என்று உதயகலா கேட்டாள். அந்தியேட்டி நடக்கவில்லை. அவள் பொட்டை எடுக்கவும் இல்லை.

அவர்கள் போனதும் கேதீஸ்வரன் கொப்பியைத் திறந்து பக்கத்தைக் கோடிட்டார். இருப்பது: பெட்டி, மூடி, பெரிய பலகை (உப்புப் பூத்தது), சின்னப் பலகை (பிசினால் மூடியது, நல்ல நிலை), வயர்த் துண்டு. இல்லாதது: மூடித் திருகாணி ஒன்று, இறப்பர் வளையம், பியூஸ்.

தேநீர்க் கோப்பையை எடுக்க வந்த மனைவி பத்மாசினி எட்டிப் பார்த்தாள். அவள் கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள்.

"கடலிலை போன மனுசனை இனி நீங்கள் உரும்பிராயிலை தேடப் போறியள்," என்றாள்.

பெரிய பலகையில்தான் செயலி இருந்தது. அது முழுவதும் பச்சையாகப் பூத்துக் கரைந்திருந்தது. சின்னப் பலகையில் இடம் அறியும் சில்லும் நினைவகமும் தப்பியிருந்தன. ஆனால் நினைவகத்தில் இருந்தது நேரே வாசிக்கிற எழுத்தல்ல. களவாகப் பார்க்கக்கூடாதென்று, செய்தவர்கள் குழப்பி எழுதியிருந்தார்கள். குழப்பத்தைத் தெளியவைக்கும் வழி பெரிய பலகையின் நிரலுக்குள் இருந்தது. அந்த நிரலை, அந்தப் பலகையில் கரையாமல் தப்பிய ஒரு சில்லிலிருந்து பெப்ரவரி மாதம் முழுவதும் முயன்று வெளியே எடுத்தார். இப்போது உயிர் இருந்தது, அது குடியிருக்க உடம்பு இல்லை.

உடம்பைக் கணினிக்குள் பாவனையாகச் செய்யலாம். அப்படிச் செய்ததைத்தான் மெய்நிகர் கணினி என்கிறார்கள். அதற்கென இலவசமான மென்பொருள் இருக்கிறது, அந்தச் செயலியும் அதற்குத் தெரிந்ததுதான். அதற்குத் தெரியாதது, செயலிக்கும் சின்னப் பலகைக்கும் நடுவே நின்ற ஒரு சில்லு. விரிவுப் பலகைகளைச் செருகும் பாதையை மேய்க்கிற பஸ் கொன்றோலர். அதைச் செய்த கம்பனி எப்போதோ அந்த வகையைக் கைவிட்டுவிட்டது. கைநூலில் பதினொரு பக்கம்தான் அகப்பட்டது. கொன்றோலருக்குள் கேள்வியும் மறுமொழியும் பரிமாறும் அறுபத்துநான்கு அறைகள். அந்தப் பக்கங்கள் பத்தொன்பதைத்தான் விளங்கப்படுத்தின.

ஒவ்வொரு மாதமும் பதினான்காம் திகதி உதயகலா தொலைபேசி எடுப்பாள். ஏப்ரில் மாதம் அவள் கேட்டாள்:

"என்னதான் அண்ணை செய்யிறியள்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

"தோட்டத்துக்குத் தண்ணி மாறுறது கண்டிருக்கிறீரோ?"

"பஸ்ஸிலை போகேக்கை கண்டிருக்கிறன்."

"ஒரு மிசின், நாப்பது பாத்தி. மிசின் பாட்டுக்கு இறைக்கும். வாய்க்காலிலை ஒருத்தன் மண்வெட்டியோடை நிண்டு, இந்தப் பாத்திக்கு வெட்டிவிட்டு, நிறைஞ்சதும் அடைச்சு, அடுத்ததுக்கு விடோணும். அவன் இல்லாட்டி மிசின் இறைச்சும் வேலையில்லை, பாத்தி இருந்தும் வேலையில்லை. பெட்டிக்குள்ளை அந்தத் தண்ணி மாறுறவன்தான் செத்தது. அவனைப் போலை ஒருத்தனை நான் கொம்பியூட்டருக்குள்ளை செய்யிறன்."

"அவன் எழும்பினா இவர் எங்கை போனவர் எண்டு சொல்லுவானோ?"

"சொல்லுவான்," என்றார் கேதீஸ்வரன்.

எந்தச் சின்ன விடயத்தையும் எழுதி வைக்கும் மனிதர், அந்த ஒரு சொல்லை மட்டும் கொப்பியில் எழுதவில்லை.

காலையில் ஊராரின் பலகைகள், பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்தரை வரை சிவரூபனின் பெட்டி என்று பிரித்துக்கொண்டார். நிரலை ஓடவிடுவார். அது கொன்றோலரின் ஏதாவது ஓர் அறைக் கதவைத் தட்டும். மறுமொழி வராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். என்ன மறுமொழிக்காக நிற்கிறது என்று நிரலைப் பின்னுக்கிருந்து பிரித்துப் பார்ப்பார். ஊகிப்பார். எழுதுவார். திரும்ப ஓடவிடுவார். இரண்டு அடி நகர்ந்து அடுத்த கதவில் நிற்கும். சில நாள் பொய் மறுமொழி ஒன்றை நம்பி இருபது கதவு கடந்துபோய், இருபத்தோராவதில் விழுந்து நொருங்கும். அப்போது எது பொய் என்று தேடித் திரும்பி வரவேண்டும். சின்னப் பலகையைத் தனியே ஒரு தாங்கியில் பூட்டி அதன் நினைவகத்தை அப்படியே பிரதி எடுத்து, அந்தப் பிரதியைக் கொன்றோலரின் மறுகரையில் வைத்திருந்தார்.

ஜூன் 11 அன்று நிரல் முதல்முறை தன் பெயரைச் சொன்னது. செப்ரெம்பர் 3 அன்று, 'செருகியிருப்பது யார்' என்று அது கேட்ட கேள்விக்குச் சின்னப் பலகையின் பிரதி கொன்றோலர் வழியாகச் சரியான மறுமொழி கொடுத்தது. அன்று கேதீஸ்வரன் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். சந்தோசத்தில் அவர் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

நவம்பர் 14 அன்று வருடம் ஒன்றாகியது. ஆட்டைத் திவசம் வைக்கிற நாள் எது என்று தெரியாததால் வைக்கவில்லை. கிழவர் வீட்டில் அன்று சமைக்கவில்லை என்று உதயகலா சொன்னாள். ஐந்து நாள் கழித்து, நவம்பர் 19, செவ்வாய், பிற்பகல் 3.20 க்குக் குழப்பம் தெளிந்து எழுத்துகள் வந்தன. திகதி, நேரம், இடம். திகதி, நேரம், இடம். வரி வரியாக ஓடியது. 2023 செப்ரெம்பர் 2 தொடங்கி நவம்பர் 14 வரை நாற்பத்தொரு பயணங்கள்.

வரைபடத்தில் இட்டுப் பார்த்தார். பருத்தித்துறைத் துறையிலிருந்து கோடு வடகிழக்கே நேராகப் போயிற்று. பதினொன்றரைக் கிலோமீற்றர் போனதும் அறுந்தது. நாலு மணித்தியாலமோ ஐந்து மணித்தியாலமோ ஒன்றும் இல்லை. பிறகு அதே இடத்திலிருந்து கோடு தொடங்கிக் கரைக்கு வந்தது. முதல் நாற்பது பயணங்களும் இப்படித்தான். மிகக் குறைந்த இடைவெளி மூன்று மணி நாற்பத்தெட்டு நிமிடம், மிகக் கூடியது ஆறு மணி பத்து நிமிடம். நாற்பத்தோராவது பயணம் மாலை 6.52 க்கு அதே இடத்தில் அறுந்தது. அதன் பிறகு தொடரவில்லை.

கேதீஸ்வரன் கண்ட முடிவு: தன் கொன்றோலர் பிழை.

வேறு எந்த முடிவுக்கும் வர அவருக்குக் காரணம் இல்லை. கைநூல் இல்லாமல் ஊகித்துச் செய்த சில்லு. நினைவகம் பெரிது, கொன்றோலர் அதைத் துண்டு துண்டாகத்தான் செயலிக்குக் காட்டும். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மாறும்போது பாத்தி ஒன்றுக்குத் தண்ணீர் விடாமல் தாண்டினால் இப்படித்தான் இடைவெளி விழும். பெட்டியோ தான் அணைந்ததையும் எரிந்ததையும் எழுதும் பழக்கம் இல்லாதது. விழுந்த இடைவெளிக்குள்தான் சிவரூபன் இருக்கிறான் என்று நினைத்தார். நிரல் திரும்ப ஓடும்போது அவனும் திரும்பி வருவான் என்று.

உதயகலாவிடம், "வந்திட்டுது, ஆனா இடையிலை விட்டு விட்டு வருது. என்ரை பிழைதான். திருத்திப்போட்டுச் சொல்லுறன்," என்றார்.

"கடைசி நாளும் வந்ததோ?"

"அதுவும் பாதி வந்தது. மிச்சம் உள்ளுக்கை கிடக்கும்."

"கிடக்கட்டும் அண்ணை. அவசரப்படாதேங்கோ," என்றாள். அவள் குரலில் அப்படியொரு தெம்பை அவர் அதற்குமுன் கேட்டதில்லை.

டிசெம்பர் 2 அன்று, பிழையை யாராவது காட்டித்தருவார்கள் என்ற எண்ணத்தில், தான் எழுதிய கொன்றோலரை அந்த மெய்நிகர் மென்பொருளைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பினார். பதினேழு நாள் கழித்து நாலு வரியில் மரியாதையான மறுமொழி வந்தது. உலகத்தில் இந்தப் பலகை எத்தனை உண்டு, இதை யார் பாவிக்கிறார்கள், இனிமேல் யார் பராமரிப்பார்கள் என்று கேட்டிருந்தார்கள். கேதீஸ்வரன் உண்மையை எழுதினார். முப்பது உண்டு. ஒன்று பாவனையில் உள்ளது. அதுவும் பழுது. அதற்குப் பிறகு அவர்கள் எழுதவில்லை.

கொன்றோலரை முதலிலிருந்து இரண்டு முறை திரும்ப எழுதினார். இடைவெளிகள் ஒரு நிமிடமும் அசையவில்லை. தைப்பொங்கல் அன்றும் பிற்பகல் இரண்டுக்கு அறைக்குள் போனார்.

"பிழை எண்டா ஒருக்கா அங்காலை இஞ்சாலை மாறும். உது மாறாமல் நிக்குதெண்டா விடைதானே?" என்றாள் பத்மாசினி. கணிதம் படிப்பிக்கிறவள் அல்லவா.

"விடை இப்பிடி வராது," என்றார் அவர்.

பெப்ரவரியில், கொன்றோலர் கடத்திய ஒவ்வொரு வேண்டுகோளையும் எண்ணி எழுதும் ஒரு நிரலைச் செய்தார். இரண்டு இலட்சத்துப் பதினோராயிரத்துத் தொளாயிரத்து நாலு வேண்டுகோள்கள். நினைவகத்தின் ஒவ்வொரு பைற்றும் ஒருமுறை, ஒரேயொரு முறை வாசிக்கப்பட்டிருந்தது. ஒன்றும் தாண்டவில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை. 2025 பெப்ரவரி 20 அன்று அவர் கொப்பியில் எழுதினார்: கொன்றோலரில் பிழை இல்லை. இடைவெளிகளுக்குக் காரணம் தெரியவில்லை.

23 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, வரைபடத்தை அச்சடித்துச் சுருட்டிக்கொண்டு, கோப்பாயில் பஸ் ஏறினார். வல்லை வெளியில் காற்று யன்னலால் அடித்தது. வரைபடத்தை மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார். உரும்பிராய்க்கும் பருத்தித்துறைக்கும் இடையில் அவ்வளவு தூரம் இல்லை. ஆனாலும் ஐம்பத்தொரு வயதில் அந்தக் கடற்கரையில் ஒரு வீட்டுக்குள் அவர் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. தோட்டக்காரன் பிள்ளைக்கு அங்கே என்ன அலுவல் இருந்திருக்கும்?

தியாகலிங்கம் தகரக் கொட்டிலுக்குள் கதிரையில் இருந்தார். கேதீஸ்வரன் வரைபடத்தை அவர் முன் ஸ்ரூலில் விரித்து, நாலு மூலைக்கும் அங்கே கிடந்த வலை ஈயக் குண்டுகளை வைத்தார். உதயகலா தேநீர் போட உள்ளே போயிருந்தாள்.

"இதென்ன தம்பி, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

"உங்கடை மகன் போன வழி ஐயா. நாப்பத்தொரு தரம்."

கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துறையிலிருந்து விரலை வைத்துக் கோட்டோடு போனார். விரல் நின்றது. வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உதை வேறை ஆருக்கும் காட்டினனீரோ?"

"இல்லை."

"காட்டிப்போடாதையும். பக்கத்து வீட்டு லெனாட் கண்டானெண்டா நாளைக்கே வலையோடை போய் நிப்பான். உது எங்கடை பாருக்குப் போற வழி. கடலுக்கடியிலை இருக்கிற கல்லுப்பார். மீன் நெருங்கிக் கிடக்கும். என்ரை அப்பு எனக்குக் காட்டினது, நான் இவனுக்குக் காட்டினது. நாலாவது ஆளுக்குத் தெரியாது."

"வழிதான் ஐயா இருக்கு. பார் இதிலை இல்லை. இந்த இடத்துக்கு வந்த உடனை ஒவ்வொரு நாளும் பெட்டி மறந்து போகுது. நாலஞ்சு மணித்தியாலம் கழிச்சு இதே இடத்திலை ஞாபகம் வருது. மூண்டு மாசமாத் தலையை உடைக்கிறன். என்ரை பிழை எங்கை எண்டு தெரியேல்லை."

கிழவர் சிரித்தார். அவர் சிரித்து கேதீஸ்வரன் கண்டது அன்றுதான்.

"பெட்டி மறக்கேல்லையடாப்பா. நல்ல ஆள் நீர்! வெளிச்சவீட்டு லைற்றும் கோயில் கோபுர லைற்றும் ஒண்டுக்கொண்டு நேரா வந்த உடனை பியூசைக் கழட்டு எண்டு நான்தான் சொல்லிவிட்டனான். பெட்டி குடுத்தவங்கள் கரையிலை வயரைக் குடுத்து எல்லாத்தையும் உறிஞ்சி எடுக்கிறவங்கள். மூண்டு தலைமுறைப் பாரை ஊருக்குப் படம் போட்டுக் காட்டவோ? கழட்டிச் சேட்டுப் பைக்குள்ளை போட்டிடுவான். திரும்பி வரேக்கை அதே இடத்திலை திரும்பப் பூட்டுவான். சொன்னா அச்சொட்டாச் செய்வான், என்ரை பொடியன்..."

விரல் இன்னும் அந்த இடத்திலேயே இருந்தது. சிரிப்பு எப்போது நின்றது என்று கேதீஸ்வரன் கவனிக்கவில்லை.

உதயகலா தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள்.

"கடைசி நாளும் கழட்டினவரோ?" என்று கேட்டாள்.

"ஓம். ஆறு ஐம்பத்திரண்டுக்கு," என்றார் கேதீஸ்வரன்.

"பிறகு பூட்டினவரோ?"

"இல்லை."

கேதீஸ்வரன் பையிலிருந்து கொப்பியை எடுத்தார். எதற்கு எடுத்தாரென்று அவருக்கே தெரியாது. 2024 ஜனவரி 22, திங்கட்கிழமை. வலப்பக்கம், கடைசிச் சொல். பியூஸ். அன்று அது கடலில் விழுந்திருக்கும், அல்லது படகைக் கண்டெடுத்தவர்கள் கழட்டியிருப்பார்கள் என்று நினைத்து, நினைத்ததைக்கூட எழுதாமல், மேலே போயிருந்தார். ஏன் இல்லை என்று ஒருவரையும் கேட்கவில்லை. விடையைத் தன் கையெழுத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் பதின்மூன்று மாதம் அதைத் தேடியிருக்கிறார்.

கிழவரும் எட்டிப் பார்த்தார்.

"முதல் நாளே கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்," என்றார்.

"சொல்லியிருப்பியளோ ஐயா?"

கிழவர் கண்ணாடியைக் கழட்டினார்.

"இல்லை," என்றார். "சொல்லியிருக்க மாட்டன். நீர் ஆரெண்டு எனக்கு அப்ப தெரியாது."

உதயகலா தட்டை நிலத்தில் வைத்துவிட்டு வரைபடத்துக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அப்ப அக்கரைக்குப் போகேல்லையோ அண்ணை?"

"தெரியாது தங்கச்சி. இந்த இடம் மட்டும் வந்தவர். இதுக்கங்காலை எனக்கு ஒண்டும் தெரியாது."

"உள்ளுக்கை கிடக்கும் எண்டனீங்கள்."

"பிழையாச் சொல்லிப்போட்டன். உள்ளுக்கை ஒண்டும் இல்லை. கடைசிப் பைற் வரைக்கும் எண்ணிப் பாத்திட்டன்."

அவள் தலையை ஆட்டினாள். கிழவர் கைவிரல்களை மடக்கி எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம்," என்றார் கடைசியில். "ஐப்பசி இருபத்தெட்டு. வளர்பிறைத் துவிதியை. அவன்ரை கையாலை செய்த கடைசி வேலை அண்டைக்குத்தானே பிள்ளை. அந்தத் திதியிலையே வைச்சிடுவம்."

"பியூசுக்கோ மாமா திவசம்?" என்றாள் உதயகலா. அவள் சத்தம் போடவில்லை. "கழட்டேக்கை அவர் உயிரோடைதானே இருந்தவர்."

தேநீர் ஆடை பிடித்தது. கேதீஸ்வரன் ஈயக் குண்டுகளை எடுத்தார். வரைபடத்தைக் கிழவர் வாங்கி நாலாகக் கிழித்து, பிறகு எட்டாகக் கிழித்து, மடிக்குள் வைத்துக்கொண்டார். இனி அந்தப் பாருக்குப் போக அவரால் முடியாது, போகத் தெரிந்த வேறொருவனும் இல்லை. ஆனாலும் கிழித்தார்.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை உதயகலா தொலைபேசி எடுக்கவில்லை. நேரே உரும்பிராய்க்கு வந்தாள். பொட்டு அப்படியே இருந்தது.

"ஒருக்கா ஓடவிட்டுக் காட்டுங்கோ அண்ணை," என்றாள்.

ஓடவிட்டார். நாற்பத்தொரு பயணமும் திரையில் ஓடி முடிய ஆறு நிமிடம் எடுத்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் திகதியைக் கேட்டாள். "அண்டைக்குச் சுறா கொண்டு வந்தவர்," என்றாள் ஒன்றுக்கு. இன்னொன்றுக்கு, "அண்டைக்குச் சண்டை." நாற்பத்தோராவது கோடு அறுந்தது. நிரல் பழைய எழுத்துகளை வாசித்து முடித்ததும், பெட்டி படகில் இருந்தால் என்ன செய்யுமோ அதைச் செய்யப் போனது. கொன்றோலர் வழியாக இடம் அறியும் சில்லைக் கேட்டது. கேதீஸ்வரனின் கணினிக்குள் அந்தச் சில்லுக்கு வெறும் உருவம்தான் உண்டு, அதற்கு மேலே வானம் இல்லை. திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

"உதிலை என்ன போட்டிருக்கு?"

"இடம் தேடுகிறது எண்டு."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேதீஸ்வரன் நிறுத்தப் போனார்.

"நிப்பாட்டாதேங்கோ."

"தங்கச்சி, இது நான் செய்த பாவனை. அவன் கேக்கிறான், மறுமொழி சொல்ல அங்கை ஒருத்தரும் இல்லை. எத்தினை வருசம் விட்டாலும் உதே வரிதான் நிக்கும்."

"எனக்குத் தெரியும் அண்ணை. சின்னப் பிள்ளையே நான்? தெரியும். ஆனா நிப்பாட்டாதேங்கோ. வீட்டிலை எல்லாரும் நிப்பாட்டிட்டினம்."

அவர் நிறுத்தவில்லை. மூலையில் கிடந்த ஒரு பழைய கணினிக்கு அதை மாற்றி, ஒரு பற்றரியும் பூட்டி, வெங்காயம் தொங்கிய வளைமரத்தின் கீழே வைத்தார். மின்கட்டணத் துண்டு வந்தபோது பத்மாசினி, "இஞ்சருங்கோ, உது எவ்வளவு காலத்துக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். அவர் துண்டை வாங்கிக் கொப்பிக்குள் வைத்தார். அவள் பிறகு கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்கிழமை, ஒழுங்கையில் மின்கம்பிக்கு மேலே வந்த பனையோலைகளை வெட்டக் காலை 9.10 க்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். பற்றரி நாற்பது நிமிடம் தாங்கியது. பிற்பகலில் தொலைபேசி அடித்தது.

"இஞ்சை லைற் இல்லை. அங்கையுமோ அண்ணை?"

"இஞ்சையும்தான். இப்ப வந்திட்டுது. ஓடவிட்டிட்டன்."

"அதே வரிதானோ?"

"அதே வரிதான்."

"சரி, அண்ணை," என்று வைத்துவிட்டாள்.

கேதீஸ்வரன் கொப்பியைத் திறந்து திகதியிட்டார். இருப்பது: பிற்பகல் 2.35 இலிருந்து ஓடுகிறது. இல்லாதது: காலை 9.50 தொடக்கம் பிற்பகல் 2.35 வரை, நாலு மணி நாற்பத்தைந்து நிமிடம். எழுதி முடித்த பின்புதான், அது சிவரூபனின் ஒரு சாதாரண நாளின் இடைவெளி அளவு என்பதைக் கண்டார். பேனையை மூடி வைத்துவிட்டு, காலையில் வந்த பம்பிப் பலகையைக் கையில் எடுத்தார்.